புற்றுநோயோடு நாடு மாறலாமா: கேட்டவருக்கு என் பதில்

உங்கள் கேள்வியைப் படிக்காதவர்களுக்காக முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவி இரண்டு வருடம் ஆகிறது. ஹார்மோன் மாத்திரையோடு பால்போசிக்ளிப் என்ற புற்றுநோய் மாத்திரையும் எடுக்கிறீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எலும்பைக் காக்கும் ஊசி. கடைசி ஸ்கேனில் நோய் அடங்கியிருக்கிறது. ஆனால் மாத்திரைச் செலவு வீட்டைத் தின்கிறது. இந்த நேரத்தில் உங்கள் கணவருக்கு ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் வேலை வரும்போல் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் தம்பி "இங்கே வந்துவிடு அக்கா" என்கிறார். "இந்த உடம்போடு நாடு மாறினால் வைத்தியம் கிடைக்குமா, இல்லை நடுவழியில் நின்றுவிடுவேனா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. புற்றுநோய்ப் பிரிவில், வேறு நாட்டிலிருந்து வரும் நோயாளிகளுக்கும் வேறு நாட்டுக்குக் கிளம்பும் நோயாளிகளுக்கும் கோப்பு தயார் செய்யும் வேலையில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். மருந்தை மாற்றலாமா, பயணம் தாங்குமா என்பதையெல்லாம் உங்கள் ஆன்காலஜிஸ்ட்தான், அதாவது புற்றுநோய் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மற்றதை நான் சொல்கிறேன்.

போகலாம். உங்கள் நிலையில் இருப்பவர்கள் போய், நல்லபடியாக வைத்தியம் தொடர்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். நடுவழியில் நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு கூட்டத்துக்கும் நோயின் நிலை ஒன்றுதான். வேறுபட்டது, எதை முதலில் செய்தார்கள் என்பது. பழைய இடத்தின் கயிற்றை விடுவதற்கு முன் புதிய இடத்தின் கயிறு கையில் இருந்ததா? நான் எழுதப்போவது முழுக்க இதைப் பற்றித்தான்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வைத்தியத்துக்காகப் போய்வருவது வேறு, குடிபெயர்வது வேறு. ஒரு அறுவை சிகிச்சை, ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சு, ஒரு மருந்துச் சோதனை என்று ஆரம்பமும் முடிவும் உள்ள விஷயத்துக்கு மருத்துவ விசாவில் போய் வரலாம். முழுப் பணமும் நம்முடையது. உங்களுக்கு அது பொருந்தாது. பரவிய நோய்க்கு மருந்து என்பது முடியும் தேதி இல்லாத செலவு. மூன்று மாதத்துக்குக் கடன் வாங்கி ஓட்டலாம், நான்காம் மாதம் என்ன செய்வது? எந்த மருத்துவமனை சிறந்தது என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். இரண்டாவது வருடம் யார் பணம் கட்டுவார்கள் என்று விசாரிப்பவர்கள் குறைவு. அதை விசாரியுங்கள்.

சுற்றுலா விசாவில் போய் இறங்கி, "அங்கே போனால் எப்படியாவது பார்த்துவிடுவார்கள்" என்று நம்புகிறவர்களும் உண்டு. பார்ப்பார்கள், உயிருக்கு ஆபத்தான நேரத்தில். அதற்குப் பிறகு பில் வரும். இங்கிலாந்தில் பார்வையாளராக வந்தவரிடம் பொது மருத்துவமனை, தனக்கு ஆகும் செலவில் 150 சதவீதம் வரை வசூலிக்கலாம். 500 பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்து இரண்டு மாதம் தாண்டினால் அது குடியேற்றத் துறைக்குப் போகும், அடுத்த விசாவே கெட்டுப்போகலாம். சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள நோயைத் தொடாது. ஐரோப்பிய நாடுகளுக்குள் செல்லும் சுகாதார அட்டைகூட, வைத்தியத்துக்கென்றே கிளம்பிப் போனால் செல்லாது. அதற்கு முன்அனுமதி வாங்கும் வழி தனியாக இருக்கிறது.

இனி குடிபெயர்வது. இதில் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று விசா வாசல், இன்னொன்று மருத்துவமனை வாசல். சில நாடுகளில் முதல் வாசல் இறுக்கம், உள்ளே போனால் இரண்டாவது தாராளம். சில நாடுகளில் நேர்மாறு. உங்கள் மூன்று நாடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் உங்கள் மனசு இருக்கிறது என்று எழுத்திலேயே தெரிகிறது. அங்கே விசா வாசலில் உடல் பரிசோதனை உண்டு. உங்கள் நோயுள்ள ஒருவருக்கு அரசுக்கு எவ்வளவு செலவாகும் என்று அவர்களுடைய மருத்துவ அதிகாரி கணக்குப் போடுவார். 2024 ஜூலையிலிருந்து அந்த எல்லை 86,000 ஆஸ்திரேலிய டாலர். தற்காலிக விசா என்றால் தங்கும் காலத்துக்கான செலவு. நிரந்தர விசா என்றால் பொதுவாக ஐந்து வருடச் செலவு. நோய் நிரந்தரமானது என்று கருதினால் பத்து வருடம் வரை நீட்டிக் கணக்கிடுவார்கள். நீங்கள் எடுக்கும் மாத்திரையை வைத்துப் பார்த்தால் நிரந்தர விசாவில் அந்த எல்லையைத் தாண்டிவிடும் என்றே எண்ணுகிறேன். இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: நிரந்தர விசா விண்ணப்பத்தில் குடும்பத்தில் ஒருவர் இந்தப் பரிசோதனையில் தவறினால் பெரும்பாலும் மொத்தக் குடும்பத்துக்கும் விசா மறுக்கப்படும். விதிவிலக்கு கேட்க இடம் தரும் விசாக்களும் உண்டு. ஆஸ்திரேலியக் குடிமகனின் மனைவியோ கணவரோ விண்ணப்பிக்கும் விசா அதில் ஒன்று. தம்பியின் அக்கா என்ற உறவுக்கு அந்தச் சலுகை இல்லை. தம்பி அன்போடுதான் கூப்பிடுகிறார். ஆனால் அவர் கையில் இல்லாத ஒன்றை அவரால் தர முடியாது. இதை அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், அவர் மனசிலும் ஒரு பாரம் குறையும்.

நியூசிலாந்து இன்னும் கறார். புற்றுநோய் அங்கே தனியாகப் பட்டியலிலேயே இருக்கிறது. பெரும்பாலும், முழுக்கக் குணமாகிப் பல வருடம் ஆன, ஆரம்ப நிலைப் புற்றுநோய்களுக்குத்தான் விலக்கு. கனடாவிலும் "அளவுக்கு மீறிய செலவு" என்று ஒரு விதி உண்டு. 2018-ல் அந்த எல்லையை மூன்று மடங்காக உயர்த்தினார்கள். அங்கே இருப்பவரின் கணவன், மனைவி, சார்ந்திருக்கும் குழந்தைகள், அகதிகள் ஆகியோருக்கு அந்த விதி பொருந்தாது.

பிரிட்டனில் விசா வாசலில் புற்றுநோயைப் பற்றி யாரும் கணக்குப் போடுவதில்லை. சில நாடுகளிலிருந்து போகிறவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை மட்டும் கேட்பார்கள். பதிலாக, விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே சுகாதாரக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவர் ஒருவருக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776. எத்தனை வருட விசாவோ அத்தனை வருடத்துக்கும் முன்பணமாக, ஒரே தவணையில். ஐந்து வருடம் என்றால் பெரியவர் ஒருவருக்கே 5,175 பவுண்டு. கேட்கும்போது தலை சுற்றும். ஆனால் கட்டிவிட்டால், ஏற்கெனவே உள்ள நோய் என்று ஒதுக்காமல், அங்கே வசிக்கும் மற்றவர்களைப் போலவே என்.ஹெச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையில் பார்ப்பார்கள். காத்திருப்புக் காலம் என்று தனியாகக் கிடையாது. இங்கிலாந்தில் புற்றுநோயாளிகளுக்கு 2009-லிருந்து மருந்துச் சீட்டுக் கட்டணமும் இல்லை. கணவருக்கு வரும் வேலை மருத்துவத் துறையில், சுகாதாரப் பணியாளர் விசாவில் என்றால் அந்தக் கூடுதல் கட்டணமே கட்ட வேண்டியதில்லை. வேலை தருபவரிடம் எந்த விசா என்று பெயரோடு கேளுங்கள். சில கம்பெனிகள் இந்தக் கட்டணத்தைத் தாங்களே ஏற்கும், கேட்டால்தான் சொல்லும்.

ஜெர்மனியில் வழி வேறு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உங்கள் கணவர் அரசு சார்ந்த காப்பீட்டில் உறுப்பினர் ஆகலாம். அந்தக் காப்பீட்டில் உடல்நிலை பற்றிய கேள்வியே கிடையாது. இப்போதுள்ள சட்டப்படி, வருமானம் இல்லாத மனைவியும் குழந்தைகளும் அதே சந்தாவில் குடும்ப உறுப்பினராக உள்ளே வந்துவிடலாம். மாத்திரைப் பெட்டி ஒன்றுக்கு நம் பங்கு அதிகபட்சம் 10 யூரோ. நீண்ட நாள் நோயுள்ளவர் என்று பதிந்துவிட்டால், குடும்ப வருமானத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் வருடத்தில் கட்ட வேண்டியதில்லை.

இதில் ஒரு குழி இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் தனியார் காப்பீட்டுக்குப் போகச் சட்டம் அனுமதிக்கிறது. புதிதாக வந்தவர்களிடம் முகவர்கள் வந்து, "சந்தா குறைவு, டாக்டர் சீக்கிரம் கிடைப்பார்" என்பார்கள். உங்கள் குடும்பத்துக்கு அது வேண்டாம். தனியார் காப்பீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சந்தா, உடல்நிலை விசாரணை. உங்களைச் சேர்க்க மறுத்துவிட முடியும். அதிகச் சம்பளம் உள்ளவர் ஜெர்மனியில் முதல் வேலையில் சேர்ந்தால், விருப்ப உறுப்பினராக அரசு சார்ந்த காப்பீட்டில் சேர மூன்று மாதம் அவகாசம் உண்டு. அந்த மூன்று மாதத்தை விட்டால் திரும்ப நுழைவது மிகவும் கஷ்டம். கணவர் கையெழுத்துப் போடுகிற முதல் வாரத்திலேயே இதை முடித்துவிட வேண்டும்.

மற்ற நாடுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். சுவிட்சர்லாந்திலும் நெதர்லாந்திலும் அடிப்படைக் காப்பீடு கட்டாயம், எந்த நோயுள்ளவரையும் நிறுவனம் மறுக்கக் கூடாது. சேர்வதற்குச் சுவிட்சர்லாந்தில் மூன்று மாதம், நெதர்லாந்தில் நான்கு மாதம் அவகாசம். பிரான்சில் புற்றுநோய் "நீண்டகால நோய்" வகையில் வரும், அந்த நோய்க்கான வைத்தியத்துக்கு அரசு நிர்ணயித்த கட்டணத்தில் நூறு சதவீதம் கிடைக்கும். வேலை இல்லாமல் குடியேறினால் மூன்று மாதம் வசித்த பிறகு. அமெரிக்காவில் 2014-லிருந்து முன்பே உள்ள நோயைக் காரணம் காட்டிக் காப்பீடு மறுக்க முடியாது. ஆனால் பெரும்பாலும் வேலையோடு வரும் காப்பீடு வேலையோடு போய்விடும். முதியவர்களுக்கான மெடிகேர், புதிதாகக் குடியேறிய 65 வயதானவருக்கு ஐந்து வருட வசிப்புக்குப் பிறகுதான் திறக்கும். எந்த நாடாக இருந்தாலும், குடியுரிமை ஏற்கெனவே இருந்தால் அதுதான் மிகச் சுலபமான வழி. பெற்றோர், பிறந்த இடம், பழைய பாஸ்போர்ட் என்று வீட்டில் அப்படி ஒரு உரிமை தூங்கிக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

விசா படிவத்தில் நோயை மறைக்கலாமா என்று நேரடியாகக் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கும், ஆனால் வரிகளுக்கு நடுவே அந்தக் கேள்வி இருந்தது. மறைக்காதீர்கள். பொய் கண்டுபிடிக்கப்பட்டால் கனடா ஐந்து வருடம், பிரிட்டன் பத்து வருடம் வரை தடை போடும். அதைவிடப் பெரிய சிக்கல், போய் இறங்கிய முதல் வாரமே நீங்கள் அந்த நோய்க்கு வைத்தியம் கேட்கப்போகிறீர்கள். பதிவு தானாக உருவாகிவிடும். கேட்ட கேள்விக்கு உண்மையான பதில், கேட்காததற்குத் தானாகச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவுதான்.

அதேபோல, போய்விட்டு "நோயாளி, திருப்பி அனுப்பாதீர்கள்" என்று கேட்டு நிற்கும் வழியை நம்ப வேண்டாம். பாபோஷ்விலி என்ற ஜார்ஜிய நாட்டவருக்கு ரத்தப் புற்றுநோய். பெல்ஜியம் அவரை வெளியேற்றப் பார்த்தது. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2016 டிசம்பரில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு வந்த பலருக்கு அது கதவு திறந்தது. ஆனால் அவர் அதே வருடம் ஜூனில் இறந்துவிட்டார். வழக்கு நடக்கும் வேகமும் நோய் நடக்கும் வேகமும் ஒன்றில்லை.

சரி, உங்களுக்கு ஜெர்மனி அல்லது பிரிட்டன் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது இடைவெளி. எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். பழைய காப்பீடு 31-ஆம் தேதியோடு முடியும், புதிய வேலை 15-ஆம் தேதி ஆரம்பிக்கும். நடுவில் இரண்டு வாரம். "இரண்டு வாரம்தானே" என்று தோன்றும். அந்த இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்து வெள்ளையணு குறைந்திருந்தால் நேராக ஆஸ்பத்திரிப் படுக்கைதான். ஜெர்மனிக்கு வீடு பார்க்க வேண்டும் என்று ஒரு மாதம் முன்னால் குடும்பத்தோடு போகிறவர்கள் உண்டு. அந்த ஒரு மாதத்துக்கு வாங்கும் பயணக் காப்பீட்டில் பெரும்பாலும் புற்றுநோய் இருக்காது. கணவர் முதலில் போகட்டும். வேலையில் சேர்ந்து, உறுப்பினர் சான்று அவர் கையில் வந்து, நீங்கள் குடிவந்ததும் உங்களையும் சேர்த்துக்கொள்வதாகக் காப்பீட்டு நிறுவனம் உறுதி சொன்ன பிறகு நீங்கள் கிளம்புங்கள். ஆறு வாரம் பிரிந்திருப்பது கஷ்டம்தான். ஆனால் அந்த ஆறு வாரமும் உங்கள் பழைய டாக்டரின் கண் பார்வையில் இருப்பீர்கள்.

பிரிட்டனிலும் இடைவெளி உண்டு, அது வேறு மாதிரி. உரிமை முதல் நாளே இருக்கும், ஆனால் நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போய் நிற்க முடியாது. முதலில் குடியிருக்கும் பகுதியின் ஜி.பி. என்ற குடும்ப மருத்துவரிடம் பதிய வேண்டும், அவர் எழுதி அனுப்ப வேண்டும், அப்புறம்தான் ஆன்காலஜி. இதற்கு வாரங்கள் ஆகும். அதனால் மூன்று மாதத்துக்கான மாத்திரை கையில் இருக்க வேண்டும். பால்போசிக்ளிப் 21 நாள் சாப்பிட்டு 7 நாள் விடுவது இல்லையா, அப்படியானால் மூன்று சுற்று. சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு என்பது பல நாடுகளின் சுங்கத்தில் பிரச்சினை இல்லாத அளவு. மருந்துச் சீட்டும் டாக்டர் கடிதமும் கூடவே இருக்கட்டும். மாத்திரை அதன் சொந்த அட்டைப் பெட்டியிலேயே, கைப்பையில். பெரிய பெட்டியில் போட்டுவிட்டு அந்தப் பெட்டி வேறு ஊருக்குப் போன கதை எனக்கு ஒன்றுக்கு மேல் தெரியும்.

வலிக்கு மார்ஃபின் வகை மருந்து எடுப்பதாக நீங்கள் எழுதவில்லை. எடுத்தால் விதிகள் முற்றிலும் வேறு. ஜப்பான், சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் போன்ற இடங்களில் முன்அனுமதி இல்லாமல் கொண்டு போகக் கூடாது. வழியில் விமானம் மாறும் நாட்டின் விதியையும் பார்க்க வேண்டும்.

அங்கே உங்கள் மாத்திரை கிடைக்குமா? இதைத் தனியாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு நாட்டில் மருந்துக்கு அனுமதி இருப்பது வேறு, அந்த நாட்டின் காப்பீடு அதற்குப் பணம் தருவது வேறு. இங்கிலாந்தில் எந்த மருந்தை என்.ஹெச்.எஸ். தரலாம் என்று சொல்வது நைஸ் அமைப்பு. அது பால்போசிக்ளிப்புக்கு 2017-ல் ஒப்புதல் தந்தது, ஆனால் எந்த நோயாளிக்கு, எந்தக் கட்டத்தில் என்ற வரையறையோடு. ஜெர்மனியில் அனுமதி பெற்ற மருந்துகள் பெரும்பாலும் காப்பீட்டுக்குள் வந்துவிடும். கனடாவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஊசியில் ஏற்றும் கீமோவுக்கு எல்லா இடத்திலும் பணம் தருவார்கள், வீட்டில் விழுங்கும் மாத்திரைக்கு ஒன்டாரியோவில் எல்லோருக்கும் தானாகக் கிடைக்காது, பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிடைக்கும். ஒரே நாட்டுக்குள் இப்படி. அதனால் "புற்றுநோய்க்கு இலவசமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். மருந்தின் பெயர், எந்த மருந்தோடு சேர்த்து, எத்தனையாவது கட்டச் சிகிச்சை, இதை எழுதி, "ஏற்கெனவே இதில் இருப்பவருக்குத் தொடர்ந்து தருவீர்களா?" என்று கேளுங்கள். கேள்வி கூர்மையாக இருந்தால்தான் பதிலும் கூர்மையாக வரும்.

இனி கோப்பு. இது என் தொழில், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சில வருடம் முன்பு ஒரு மகன் தன் அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தார். கடல் தாண்டி வந்தவர்கள். பெரியவர் சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றிய ஒரு சி.டி. வட்டை எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். அவர்களுடைய வீடு விற்ற பணத்தில் எடுத்த ஸ்கேன் அது. கம்ப்யூட்டரில் போட்டேன். உள்ளே பதினான்கு படங்கள். சாதாரணப் போட்டோ மாதிரி பதினான்கு ஜேபெக். ஒரு சி.டி. ஸ்கேனில் நூற்றுக்கணக்கான வெட்டுப் படங்கள் இருக்கும், அவை டைகாம் என்ற வடிவத்தில் இருந்தால்தான் டாக்டர் அளக்க முடியும், பழைய ஸ்கேனோடு ஒப்பிட முடியும். யாரோ முக்கியமான படங்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பதிந்து கொடுத்திருந்தார்கள். மறுபடி ஸ்கேன், மறுபடி பணம், கிட்டத்தட்ட மூன்று வாரம் போயிற்று. அன்றிலிருந்து கிளம்புகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: சி.டி.யை வாங்கியதும் வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பாருங்கள். "முழு டைகாம், எல்லாத் தொடர்களும்" என்று கேட்டு வாங்குங்கள். ஒரு பிரதியைப் பென்டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிளாக். பயாப்சியில் எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், கட்டை விரல் நகம் அளவுதான் இருக்கும். உங்கள் கோப்பிலேயே மதிப்பு அதிகமான பொருள் அது. பெரிய மையங்கள் வெளியாருடைய ரிப்போர்ட்டை வைத்து மட்டும் வைத்தியம் தொடங்காது, அந்தச் சதையிலிருந்து சீவிக் கண்ணாடியில் ஒட்டிய ஸ்லைடைத் தங்கள் நோய்க்குறியியல் நிபுணர் பார்த்தாக வேண்டும் என்பார்கள். அதைவிட முக்கியம், இப்போதைய மாத்திரை ஒருநாள் வேலை செய்வதை நிறுத்தும்போது அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுக்க மரபணு மாற்றங்களைப் பார்ப்பார்கள். அதற்குத் திசு வேண்டும். எலும்பிலிருந்து திரும்பத் திசு எடுப்பது வேதனையும் சிரமமும், எடுத்தாலும் சில பரிசோதனைகளுக்கு அது சரியாக வராது. பிளாக்கைத் தர மறுத்தால், சாயமேற்றாத ஸ்லைடு பத்துப் பதினைந்து வெட்டித் தரச் சொல்லுங்கள். கைப்பையில் கொண்டு போகலாம். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் விட்டுவிடாதீர்கள், மெழுகு அல்லவா.

ரிப்போர்ட்டுகளில் ஹார்மோன் ரிசெப்டர், ஹெர்2 முடிவுகள் அச்சில் இருக்க வேண்டும், உங்கள் புற்றுக்கு எந்த வகை மருந்து பொருந்தும் என்று காட்டுபவை அவை. முன்பு கீமோ எடுத்திருந்தால் என்ன மருந்து, மொத்தம் எவ்வளவு என்ற கணக்கு வேண்டும். டாக்ஸோருபிசின் போன்ற சிவப்பு மருந்துக்கு வாழ்நாள் உச்ச அளவு உண்டு, அதைத் தாண்டினால் இதயம் பாதிக்கும். "ஆறு தடவை சிவப்பு மருந்து போட்டார்கள்" என்றால் புதிய டாக்டருக்கு அது போதாது. கதிர்வீச்சு எடுத்திருந்தால் எந்த இடம், எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), எத்தனை அமர்வு, முடிந்தால் திட்டக் கோப்பும். அதே முதுகெலும்புக்கு மறுபடி கொடுக்கலாமா என்று அவர்கள் முடிவு செய்ய அது இல்லாமல் முடியாது. மருந்து ஏற்றத் தோலுக்கடியில் போர்ட் என்ற சிறு கருவி வைத்திருந்தால் அதன் அட்டை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரே பக்கச் சுருக்கம், தேதி வரிசையில், உங்கள் டாக்டர் கையெழுத்தோடு. நூற்றைம்பது பக்கக் கோப்பை யாரும் முதல் சந்திப்பில் படிக்கப்போவதில்லை. அந்த ஒரு பக்கத்தைப் படிப்பார்கள்.

கிளம்பும் முன் பல் டாக்டரைப் பாருங்கள். எலும்பு ஊசி எடுப்பவர்களுக்குப் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. சொத்தைப் பல் இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள், புது நாட்டில் பல் டாக்டர் கிடைக்கத் தாமதம் ஆகலாம். பயணத்தில் வழியில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கும் நாடு இருந்தால், அது உயிருள்ள தடுப்பூசி என்பதை நினைவில் வையுங்கள். வெள்ளையணு குறையும் மருந்தில் இருப்பவர் தானாகப் போய்ப் போட்டுக்கொள்ளக் கூடாது. டாக்டரிடம் விலக்குக் கடிதம் வாங்கலாம்.

விமானத்தில் பெட்டி தூக்காதீர்கள். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதுகெலும்பில் நோய் உள்ள ஒரு பெண், தலைக்கு மேலே இருக்கும் தட்டில் ஏழு கிலோ கைப்பெட்டியைத் தானே தூக்கி வைத்தார். உட்காரும்போதே முதுகில் ஏதோ விட்டுப்போனது மாதிரி இருந்ததாம். இறங்கும்போது சக்கர நாற்காலி. முள்ளெலும்பு நொறுங்கியிருந்தது. நல்லவேளை தண்டுவடம் தப்பியது. பக்கத்தில் யாரிடமாவது "முதுகில் அடி, தூக்கக் கூடாது" என்று சொல்லுங்கள், எல்லோரும் உதவுவார்கள். நீண்ட பயணத்தில் காலில் ரத்தம் உறைவது புற்றுநோயாளிகளுக்கு மற்றவர்களைவிட அதிகம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நடைபாதை ஓர இருக்கையும், மணிக்கொருமுறை எழுந்து நடப்பதும் நம் கையில். பயணத் தேதியை மாத்திரை விடும் ஏழு நாளின் கடைசியில், ரத்தப் பரிசோதனை முடித்த கையோடு வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. அதையும் அவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

போய்ச் சேர்ந்ததும், புதிய மொழியில் நீங்கள் முதலில் கற்க வேண்டிய வாக்கியங்கள் கடைத்தெருவுக்கானவை இல்லை. "எனக்குப் பரவிய புற்றுநோய், மருந்தில் இருக்கிறேன், 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல்." "திடீரென்று கால் மரத்துப்போகிறது, சிறுநீர் போக முடியவில்லை." இரண்டையும் அட்டையில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். இரண்டாவது தண்டுவடம் நெருக்கப்படுவதன் அறிகுறி, மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய அவசரம். ஜெர்மனியில் டாக்டர் ஆங்கிலம் பேசிவிடுவார். தொலைபேசியை எடுப்பவரும் இரவு நர்ஸும் பேசுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

பழைய டாக்டரோடு உறவை அறுத்துக்கொள்ளாதீர்கள். "ஆறு மாதம் வரை சந்தேகம் இருந்தால் எழுதலாமா?" என்று விடைபெறும்போதே கேளுங்கள். கேட்டு மறுத்தவரை நான் பார்த்ததில்லை.

உங்கள் கணவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெர்மனியில் வேலை ஒப்பந்தங்களில் பொதுவாக முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம், இரண்டு வார நோட்டீஸில் நிறுத்தலாம். பிரிட்டனில் வேலை போனால் வேறு வேலை தேடப் பொதுவாக 60 நாள்தான், அவருடைய விசாவைத்தான் உங்கள் விசா பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த ஆறு மாதத்தில் அவர் உங்களோடு ஒவ்வொரு ஸ்கேனுக்கும் லீவு போட்டு வர முடியாது. யார் வருவார்கள்? அம்மாவோ அக்காவோ மூன்று மாதம் பார்வையாளர் விசாவில் வர முடியுமா என்று இப்போதே பேசுங்கள். இங்கே உங்களைச் சுற்றி எத்தனை பேர் சின்னச் சின்ன வேலை செய்கிறார்கள் என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். மருந்து வாங்கி வருபவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர், கூட வந்து உட்காருபவர். அந்தப் பட்டியலில் இருக்கும் யாரும் அங்கே இருக்க மாட்டார்கள்.

இன்னொரு பேச்சு இருக்கிறது, அதை வீட்டில் யாரும் தொடங்க மாட்டார்கள் என்பதால் நான் தொடங்குகிறேன். இந்த நோய் பல வருடம் அடங்கியிருக்கலாம், இருக்கட்டும் என்று மனதார வேண்டுகிறேன். ஒருநாள் மருந்துகள் தீர்ந்தால் எந்த ஊரில் இருக்க விரும்புகிறீர்கள்? இதைக் கிளம்பும் முன் பேசிவிடுங்கள், ஏனென்றால் ஒரு கட்டத்துக்குப் பிறகு விமானம் ஏற முடியாது. ஆக்ஸிஜன் தேவைப்படுபவருக்கும் மிகவும் தளர்ந்தவருக்கும் விமான நிறுவனம் மருத்துவப் படிவம் கேட்கும், மறுக்கவும் செய்யும். திரும்பி வர நினைப்பவர்கள் "இன்னும் ஒரு மருந்து பார்த்துவிட்டு" என்று தள்ளிப்போட்டு, அந்த வாசல் மூடியதைப் பார்த்திருக்கிறேன். திரும்புவதானால் உடம்பில் தெம்பு இருக்கும்போதே திரும்ப வேண்டும். அங்கேயே இருப்பது என்றாலும் அது நல்ல முடிவாக இருக்கலாம். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் வீட்டுக்கே வந்து வலியைக் கவனிக்கும் அமைப்பு நன்றாக இருக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் என்பது கணவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

கடைசியாக, போகாமலே தீருமா என்றும் பாருங்கள். உங்கள் முதல் பிரச்சினை மாத்திரையின் விலை. பால்போசிக்ளிப்புக்குச் சில நாடுகளில் ஜெனரிக், அதாவது வேறு நிறுவனங்கள் செய்யும் அதே மருந்து, வந்துவிட்டது. மருந்து நிறுவனங்களின் உதவித் திட்டங்களும் உண்டு, ஆன்காலஜி பிரிவில் உள்ள சமூகப் பணியாளருக்கு அது தெரியும், கேளுங்கள். இரண்டாவது கருத்து வேண்டும் என்றால் ஸ்லைடும் ஸ்கேனும் மட்டும் பயணம் செய்தால் போதும், வீடியோவில் பேசிக்கொள்ளலாம். இதெல்லாம் பார்த்த பிறகும் போவது என்று முடிவானால், எனக்கு உங்கள் இடத்தில் ஜெர்மனிதான் முதல் தேர்வு, அதுவும் அரசு சார்ந்த காப்பீட்டில் என்ற நிபந்தனையோடு. முன்பணம் கட்ட முடியும் என்றால் பிரிட்டன், மொழி தெரியும் என்பது அங்கே பெரிய பலம்.

வேலை உறுதியாகும் வரை காத்திருக்காமல் இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். பயாப்சி எடுத்த இடத்துக்குப் போய் பிளாக்குக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். தேடி எடுத்துத் தர இரண்டு மூன்று வாரம்கூட ஆகும், பழைய பிளாக்குகளைச் சில இடங்களில் குறிப்பிட்ட வருடங்களுக்குப் பிறகு அழித்தும் விடுவார்கள். நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் அது உங்களுக்குத் தேவைப்படும். வேலை எந்த நாட்டில், என்ன விசா என்று தெரிந்ததும் எழுதுங்கள், கோப்பின் முதல் பக்கத்தைச் சேர்ந்தே எழுதுவோம்.